ஒரு கிலோ வல்லாரை

கெலிஓயா மயில்வாகனம் முதலாளி மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுச் செத்துப்போனார்.

சாப்பாட்டைப் பாதியில் விடுகிற ஆளே இல்லை அவர்!

வாயோரம் நுரை... கதிரையோடு சரிந்து கிடந்தவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"பூச்சி மருந்து," என்றார் டாக்டர். "பொலிசுக்குச் சொல்லுங்க."

அன்று பின்னேரம் பேராதனை வீதியில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் டெலிபோன் அலறியது.

அது ஒரு லேப். பழம், மரக்கறியில் பூச்சி மருந்து எவ்வளவு மிச்சம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற இடம். ரிசீவரை எடுத்தவள் சிந்துஜா. அங்கே வேலை பார்க்கும் கெமிஸ்ட்.

"மிஸ், நான் இன்ஸ்பெக்டர் ருஷ்தி. ஒரு கீரை சாம்பிள் கொண்டு வாறேன். கோர்ட் ஓடர் கையில ஈக்கு. அவசரம்."

"என்ன கேஸ் சேர்?"

"கெலிஓயா மயில்வாகனம் முதலாளி மவுத்தாகிட்டார். கடைசியாத் தின்னது வல்லாரைச் சம்பல், பச்சையா அரிஞ்சு தேங்காய்ப்பூ போட்டது. மிச்ச வல்லாரை பிரிஜ்ல இருந்திச்சு. எடுத்துட்டு வாறேன்."



அந்த வீட்டுக்கு வல்லாரை கொடுப்பது ஒரே ஆள்தான். தெல்தோட்டையில் குத்தகைக் காணியில் கீரை போட்டு, முதலாளியின் லொறிக்குக் கொடுக்கிறவன். பெயர் ஜனகன்.

அவளுடைய சொந்தத் தம்பி!

லேபின் பொறுப்பாளர் இராமநாதன் உள்ளே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிந்துஜா அவர் முன்னால் போய் நின்றாள்.

"சேர், இந்தச் சாம்பிளை நான் தொடக் கூடாது. என் தம்பி குடுத்த கீரை."

"வேற யார் தொடுறது? மெஷின் ஓட்டத் தெரிஞ்ச மற்றவன் கனடா போயிட்டான். நான் ஓட்டினா மெஷின் என்னை ஓட்டிரும்."

"பக்கச்சார்புன்னு நாளைக்கு யாரும் சொன்னா?"

"மெஷினுக்கு அக்கா தம்பி தெரியாது சிந்துஜா. அது காட்டுறத எழுதுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன், போதுமா?"

போதாது. ஆனால் அவள் என்ன செய்வாள்? சம்பளம் வாங்குகிற கை.

ருஷ்தி வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த மனுஷன். பொலித்தீன் பையை மேசையில் வைத்தார். சிந்துஜா எடுத்துத் தராசில் போட்டாள். ஒரு கிலோ. கொஞ்சம் கூடவே இருந்தது.

"காணுமா மிஸ்?"

"காணும் சேர். எங்களுக்கு ஒரு கிலோ வேணும். சரியா இருக்கு."

சரியாக இருந்ததுதான் பிசகு. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

வேலை தொடங்கியது.

கீரையைக் கழுவக் கூடாது. சமைக்கிற குசினிச் சட்டம் வேறு, லேப் சட்டம் வேறு. கடையில் எப்படி விற்குமோ அப்படியே வெட்டி, உறைய வைத்து, தூளாக அரைத்து, மருந்தைப் பிரித்தெடுக்கும் திரவத்தை ஊற்றிக் குலுக்கி, சுழலவிட்டு, மேலே தெளிந்ததை எடுத்து மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். தினமும் செய்கிற வேலை. அன்றைக்கு மட்டும் பச்சைத் தூள் மேசையெல்லாம் சிந்தியது.

மறுநாள் காலை மெஷின் பதில் சொன்னது.

திரையில் கோடு ஓடும். மருந்து இருந்தால் கோடு மேடாக எழும்பும். இல்லாவிட்டால் தட்டையாகப் போகும்.

கோடு ஓடியது... ஓடியது... மேடு வர வேண்டிய இடம் வந்தது...

தட்டை!

அடுத்த மருந்து. தட்டை. அதற்கடுத்தது. தட்டை. சந்தேகத்துக்கு ஒரு புள்ளிகூட எழும்பவில்லை.

சிந்துஜா ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். முருகா, தம்பி தப்பித்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. இராமநாதன் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். "சுத்தம். குடிக்கிற தண்ணியே இவ்வளவு சுத்தமா இருக்காது."

அவள் ருஷ்திக்குப் போன் போட்டாள்.

"கீரையில ஒன்னுமே இல்ல சேர்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"ரெண்டாந்தரமும் ஓட்டிப் பார்த்தேன்."

 ருஷ்தி பெருமூச்சு விட்டார்.

"அப்ப விஷயம் லேசு மிஸ். கீரையில இல்லாத மருந்து சம்பல்ல எப்படி வந்திச்சு? பெசைஞ்ச கை போட்டிச்சு. பொஞ்சாதி புஷ்பத்தைத்தான் தூக்கணும்."

"என்ன சேர் சொல்றீங்க?"

"வூட்டுல ரெண்டே பேர். சம்பல் செஞ்சது அந்தம்மா. திங்காம இருந்ததும் அந்தம்மா. வெள்ளிக்கிழமை விரதமாம். புருஷன் கை நீட்டுறவராம், அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்றாங்க. வேற என்னத்தத் தேடுற?"

போன் வைக்கப்பட்டது. சிந்துஜாவின் கையில் ரிசீவர் அப்படியே இருந்தது.

புஷ்பம் அத்தை!

ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில் தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குத் தினமும் வந்துபோக முடியாமல் சிந்துஜா தங்கியது அந்த வீட்டில்தான். முதலாளி முறைப்பார். அத்தை அவருக்குத் தெரியாமல் முட்டையைச் சோற்றுக்குள் புதைத்துக் கொடுப்பாள். ஒரு எறும்பு தண்ணீரில் விழுந்தாலும் விரலைவிட்டுத் தூக்கிவிடுகிற மனுஷி. அவளா மருந்து வைப்பாள்?

ஆனால் கீரை சுத்தம். மெஷின் பொய் சொல்லாது. அப்படியென்றால்...?

யோசித்து யோசித்துத் தலை வெடித்தது. வேலை முடிந்து கண்டி மார்க்கட் பக்கம் நடந்தாள். கால் தானாகப் போய் வழக்கமாக வாங்குகிற கடையில் நின்றது. மரக்கறிக் கடை பாயிஸ், கறிவேப்பிலையைத் தண்ணீர் தெளித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மிஸ். மொகமே சரியில்லையே. என்ன வேணும்?"

"வல்லாரை, பாயிஸ் நானா."

"எவ்வளவு?"

அவள் நினைவு எங்கேயோ இருந்தது. வாய் மட்டும் லேபில் தினமும் சொல்கிறதைச் சொன்னது.

"ஒரு கிலோ."

பாயிஸ் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஒரு கிலோவா? என்ன மிஸ், வூட்டுல கலியாணமா? வல்லாரையை யாரு கிலோக் கணக்குல வாங்குற? வூட்டுக்கு ஒரு கட்டு. மிஞ்சினா ரெண்டு கட்டு. நாளைக்கு வாடிப் போற சாமானை யாரும் பிரிஜ்ல அடைச்சு வைப்பாங்களா?"

சிந்துஜாவின் கை காசுப் பைக்குள் அப்படியே நின்றது.

ரெண்டு பேர் இருக்கிற வீடு. அதில் ஒருத்தி விரதம். பிரிஜ்ஜில் ஒரு கிலோ வல்லாரை!

குடும்பம் நடத்துகிற எவளும் அப்படி வாங்கமாட்டாள். ஒரு கிலோ என்கிற கணக்கு வீட்டுக் கணக்கு இல்லை. லேப் கணக்கு.

'ஒரு கிலோவுக்குக் கொறஞ்சா எடுக்க மாட்டோம்.' அவளே கவுன்டரில் நின்று ஓயாமல் ஓதுகிற மந்திரம். முதல் தடவை ஜனகன் அரைக் கிலோ கொண்டு வந்தபோது, தம்பி என்றும் பார்க்காமல் தெல்தோட்டை பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் குறைத்துக் கொண்டு வந்ததே இல்லை.

இன்னொன்றும் உறைத்தது.

அந்தத் தட்டைக் கோடு. எத்தனையோ தோட்டத்துச் சாம்பிள் பார்த்திருக்கிறாள். மருந்தே அடிக்காதவன் கீரையில்கூடப் பக்கத்துக் காணிக்காரன் அடித்தது காற்றில் வந்து கொஞ்சம் ஒட்டியிருக்கும். கோடு லேசாக நெளியும். நெளியாமல் போகிற கீரை ஒரே ஆளுடையது. என் தம்பி கீரை என்று லேபில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

பிரிஜ்ஜில் இருந்தது முதலாளி தின்ற கீரை இல்லை. யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ... அவன்தான்.

"மிஸ்? ஒரு கட்டு கட்டட்டுமா?" என்றார் பாயிஸ்.

அவள் நடந்தாள்.

சொன்னால் தம்பி உள்ளே போவான். சொல்லாவிட்டால் அத்தை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கழுத்தில்தான் கத்தி. யாரிடம் போய் அழுவது? அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்ததே அவள்தான்.

ஞாயிறு காலை பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அத்தையைப் பார்க்கத்தான் போனாள். வேறு எதுவும் தீர்மானிக்கவில்லை.

புஷ்பம் ஒரு மர வாங்கில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே நாளில் பாதியாகிப் போயிருந்தாள்.

"வந்தியா சிந்து... நீதான் டெஸ்ட் பண்ணினியாமே. கீரை சுத்தம்னு சொன்னியாமே."

"அத்தை..."

"நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்போ நான்தான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன் போல. தேங்காயில ஏதும் இருந்திருக்குமா? கத்தியில ஏதும் ஒட்டியிருந்துச்சா? எனக்கு ஒன்னுமே ஞாபகம் இல்லையே."



"நீங்க ஒன்னும் பண்ணல அத்தை."

"ஜனகனை ஒன்னும் பண்ணிற மாட்டாங்களே? பாவம், நான் போன் பண்ணின உடனே கையில கெடைச்ச கீரைப் பையோட ஓடி வந்தான். வீடு முழுக்கக் கூட்டம். அவன்தான் சம்பல் கோப்பையெல்லாம் கழுவி, குசினிப் பக்கமெல்லாம் ஒழுங்கு பண்ணி வச்சான். அவனைப் பயமுறுத்த வேணாம்னு அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு."

கீரைக்காரன் கையில் கீரைப் பை இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

சிந்துஜா எழுந்தாள். நேராக ருஷ்தியின் மேசைக்குப் போனாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

ருஷ்தி பேனாவைக் கீழே வைத்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா மிஸ்? சொந்தத் தம்பி."

"யோசிச்சா சொல்லியிருக்க மாட்டேன் சேர்."

ஜீப் கலஹா வழியாக மலை ஏறியது.  தெல்தோட்டையில் காணிக்குக் கீழே ஜீப்பை நிறுத்தச் சொன்னாள்.

"முதல்ல நான் போறேன் சேர். அவன் ஓட மாட்டான்."

"போங்க. நான் பின்னுக்கு வாறேன்."

ஜனகன் மேல் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"துஷானி எங்க?"

"உள்ள படுத்திருக்கா. இன்னும் எழும்பி நடக்கிறது கஷ்டம்."

துஷானி அவன் மனைவி. போன மாதம் அவளுக்குக் கரு கலைந்துபோனது.

"ஒரு கிலோ எதுக்குடா வச்ச?" என்றாள் சிந்துஜா.

அவன் மறைக்கவில்லை. களைத்த சிரிப்பொன்று சிரித்தான்.

"கொறைச்சு வச்சா நீ எடுக்க மாட்டியே. சாம்பிள் காணாதுன்னு திருப்பி அனுப்பிட்டா, அப்புறம் என் மேலதானே சந்தேகம் வரும். அதான் பிரிஜ்ல இருந்த மிச்சத்தை எடுத்துட்டு, இதை நெறைச்சு வச்சேன்."

"பாவி... எங்க இருந்து எடுத்த?"

"இந்தா, நீ நிக்கிற பாத்தியில. இது வீட்டுப் பாத்தி. நாங்க திங்கிறதுக்கு. இதுக்கு மருந்து அடிக்க மாட்டோம், கீழ அடிக்கிறப்பவும் பொலித்தீன் போட்டு மூடிருவோம். இங்க கீரை போடுற எல்லாரும் அப்படித்தான்க்கா. லொறிக்குப் போறது கீழ் பாத்தி. அதுக்கு முதலாளி குடுத்த லேபிள் இல்லாத போத்தல். முதலாளி வெவரமான ஆளு. அவர் வீட்டுக்கு மட்டும் வீட்டுப் பாத்தியில இருந்துதான் குடுக்கணும்."

சிந்துஜா கீழ் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ லேபுக்கு நீ கொண்டு வந்த சாம்பிள்..."

"எல்லாம் வீட்டுப் பாத்திதான்."

"எல்லாமுமா?"

"முதலாளிதான் அப்படிக் கொண்டு போகச் சொன்னாரு. நீ சுத்தம்னு குடுத்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் கொழும்புக் கடைகளுக்கெல்லாம் கீழ் பாத்திக் கீரையை வித்தாரு. உன்கிட்ட எப்படிக்கா சொல்றது? நீ அவ்வளவு சந்தோஷமா கையெழுத்து வச்சுக் குடுப்ப."

அவள் பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.  எத்தனை ரிப்போர்ட்! எத்தனை வீட்டுக் குழந்தைகள் அந்தக் கீரையைத் தின்றிருக்கும்! அவள் பார்த்தது எல்லாம் சரி. பார்க்கக் கொடுத்ததுதான் பொய். அவள் படித்த படிப்பெல்லாம் ஒரு முதலாளிக்கு விளம்பரப் பலகையாகப் போய்விட்டது.

"சரி. முதலாளிக்கு என்ன மருந்து ஊத்தின? எவ்வளவு ஊத்தின?"

"ஒன்னும் ஊத்தல."

"இன்னும் என்கிட்ட பொய் சொல்லாத ஜனகன்."

"சாமி சத்தியமா ஊத்தலக்கா. போன மாசம் என்ன நடந்துச்சு தெரியுமா? பின்னேரம் மருந்து அடிச்சேன். மறுநாள் விடியக்காலையில லொறி வந்து நிக்குது. மருந்து அடங்க ஏழு நாள், ஒரு கிழமையாவது விடணும் முதலாளின்னேன். வெட்டுடான்னாரு. துஷானிதான் கட்டு கட்டினா. ஈரக் கீரை... வெறுங்கை... அன்னைக்கே அவளுக்கு வாந்தி, வயித்து வலி. புள்ள போயிருச்சு. போயி சொன்னேன். அவ கையைக் கழுவிட்டுச் சாப்பிட்டிருக்கலாமேன்னு சொல்லிட்டு வெத்தலை போட்டாரு."

சிந்துஜா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதை அவன் அவளிடம்கூடச் சொன்னதில்லை.

"வெள்ளிக்கிழமையும் அதே கதைதான். முதல் நாள் அடிச்ச மருந்து. லொறி வந்துச்சு. வெட்டுன்னாரு. வெட்டினேன். எப்பவும் அவர் வீட்டுக்கு இந்தப் பாத்தியில இருந்து ஒரு கட்டு எடுப்பேன். அன்னைக்குக் கீழ் பாத்தியில இருந்து ஒரு கட்டு எடுத்தேன். அத்தை வெள்ளிக்கிழமை சாப்பிட மாட்டாங்கன்னு தெரியும். வேற ஒன்னும் செய்யல."

"செத்துட்டாரேடா..."

"ஒரு நாள் வாந்தி எடுத்துக் கெடக்கட்டும், அவருக்கும் வெளங்கட்டும்னுதான் நெனச்சேன். சீனி வியாதிக்கு நல்லதுன்னு தட்டு நெறையப் பச்சையாத் தின்றாரு. இருதயமும் ஏற்கெனவே பழுது. அது தாங்கல."

"மற்றக் கீரை? அன்னைக்கு லொறியில போனது?"

"கண்டிக்குப் போச்சு. கொழும்புக்குப் போச்சு. வழக்கம்போல."

பின்னால் செருமல் கேட்டது. ருஷ்தி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. முகம் வெளிறியிருந்தது.

"எங்கட வூட்டுக்கும் கண்டி மார்க்கட்லதான் கீரை எடுக்கிற," என்றார் மெதுவாக. "சின்னவன் நேத்துப் பூரா வாந்தி. சாப்பாடு ஒத்துக்கலையாக்கும்னு மருந்து குடுத்தோம்."

சிந்துஜா எழுந்து அவர் முன்னால் போனாள்.

"சேர், அந்த ரிப்போர்ட் எல்லாத்துலயும் என் கையெழுத்துதான் இருக்கு. என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"என்னத்துக்கு மிஸ்? கொண்டு வந்த சாம்பிள் சுத்தம்னு எழுதினீங்க. அது உண்மைதானே. உங்கள உள்ள போட எனக்குச் சட்டம் இல்ல."

"அந்தக் கீரையை வாங்கி வித்த கடைக்காரங்க?"

"அவங்ககிட்ட உங்கட ரிப்போர்ட் ஈக்கே."

"அப்போ யாரைத்தான் சேர் பிடிப்பீங்க?"

ருஷ்தி அவள் கண்ணைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

"புஷ்பம் அம்மாவை இன்னைக்கே விட்டுருவேன். அது மட்டும்தான் என்னால ஏலும்." ஜனகன் பக்கம் திரும்பினார். "நட தம்பி. தெரிஞ்சே குடுத்திருக்கே. கொலைக் கேஸ்."

வாசலில் துஷானி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. சிந்துஜா ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டாள்.

ஜனகன் இரண்டு கையையும் நீட்டினான். விலங்கு பூட்டியாயிற்று. பிறகு ஒரு சந்தேகம் கேட்டான்.

"சேர்... லொறியில ஏத்தினா வியாபாரம், தட்டுல வச்சாத்தான் கொலையா?"